அண்ணி ரிவர்ஸ் எடுத்த கதை

என் அண்ணிக்கு முன்னால் போகத் தெரியும். பின்னால் வரத்தான் தெரியாது. காரைச் சொல்கிறேன்.

முன்னால் போகிறவரை அண்ணி ஓட்டும் அழகே தனி. பக்கத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும், அவ்வளவு பதமாக ஓட்டுவார். கொட்டும் மழையிலும் நெரிசலிலும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் ரிவர்ஸ் கியரை மட்டும் ஒரு தூரத்து உறவினரைப் போலத்தான் நடத்தினார். இருக்கிறார் என்று தெரியும், போய்ப் பார்ப்பதில்லை.

அதனால் எங்கள் குடும்பமே அண்ணியின் பார்க்கிங்குக்கு ஏற்றபடி வாழ்ந்தது. மளிகைக்கு எந்தக் கடை? எதிரும் புதிருமாக இரண்டு இடம் காலியாக இருக்கும் கடை. ஒன்றில் நுழைந்து அப்படியே அடுத்ததில் போய் நின்றுவிட்டால், கிளம்பும்போதும் நேராகக் கிளம்பலாம். பெரிய கடைவளாகத்துக்குப் போனால் வாசலுக்குப் பக்கத்தில் எத்தனை இடம் இருந்தாலும் அண்ணி கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். யாருமே நிறுத்தாத கடைக்கோடிக்குப் போய்த்தான் நிற்பார். அங்கிருந்து நடப்போம், நடப்போம், நடந்துகொண்டே இருப்போம். "உங்க அண்ணி உடம்பை எவ்வளவு நல்லா பாத்துக்கறாங்க, இப்படி நடக்கறாங்களே" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் மெச்சிக்கொண்டாள். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். வலிக்காமல் பல் பிடுங்கும் டாக்டர் ஒருவர் எங்கள் பகுதியிலேயே இருந்தார். ஆனால் அவர் வாசலில் கார்களை இடித்துப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே நாங்கள் எல்லோரும் வலிக்க வலிக்கப் பிடுங்கும் டாக்டரிடம் போனோம். அவருடைய பார்க்கிங் மைதானம் மாதிரி இருக்கும்.

வீட்டில் மட்டும் தப்பிக்க வழியில்லை. எங்கள் கேட்டுக்குள் ஒரு கார்தான் நிற்கும், திருப்ப இடம் கிடையாது. சாயங்காலம் அண்ணி மூக்கை உள்ளே நீட்டி நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அண்ணன் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், சட்டையைக்கூட மாற்றாமல், காரை வெளியே எடுத்து, ரிவர்ஸில் உள்ளே விட்டு, மூக்கு தெருவைப் பார்க்கும்படி நிறுத்துவார். பிறகு சீட்டை அண்ணியின் உயரத்துக்கு முன்னால் தள்ளி, கண்ணாடிகளையும் அவருக்கு ஏற்றபடி திருப்பி வைத்துவிட்டுத்தான் இறங்குவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடைமுறை. அண்ணன் வெளியூர் போனால் கார் தவம் கிடக்கும்.

அண்ணிக்குத் தொழில் முடி வெட்டுவது. மூன்று நாற்காலி போட்ட சின்ன சலூன், சொந்தமாக நடத்துகிறார். நான் அங்கே வரவேற்பாளர். போனை எடுப்பது பாதி வேலை, வாயாடுவது மீதி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. காலையிலிருந்து மாலைவரை அண்ணி அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடியேதான் நிற்பார். வாடிக்கையாளரிடம் பேசுவதும் கண்ணாடி வழியாகத்தான், கதவைத் திறந்து யார் வருகிறார்கள் என்று பார்ப்பதும் அதன் வழியாகத்தான். என்னைத் திட்டுவதென்றாலும் கண்ணாடியைப் பார்த்துத்தான் திட்டுவார். நானும் கண்ணாடிக்குத்தான் பதில் சொல்வேன்.

அண்ணன் கற்றுக்கொடுக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிக் கிடக்கும் ஒரு மரச்சாமான் கடையின் பின்புறத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மேலே, கீழே என்ற இரண்டு திசைகளோடு பிழைப்பு நடத்துகிற மனிதர். பொறுமைசாலி. ஆனால் தன் பெண்டாட்டிக்குக் கார் சொல்லிக்கொடுக்கும்போது எந்த ஆணுக்குத்தான் பொறுமை இருந்திருக்கிறது? இரண்டு வாளிகளை வைத்து, அவற்றுக்கு நடுவில் விடச் சொல்வார். காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கையை ஆட்டுவார்.

"வா, வா, வா, வா... கழுத்தைத் திருப்பு! நல்லா திரும்பி, பின்னாடி பாரு!"

"திரும்பிட்டேங்க!"

"இந்தப் பக்கம் ஒடி!"

"எந்தப் பக்கம்?"

"என் கை காட்டுற பக்கம்!"

அண்ணி உடம்பை முழுக்கத் திருப்பி, சீட்டின் மேல் ஒரு கையை ஊன்றி, மறு கையால் ஸ்டீயரிங்கை ஒடிப்பார். கார் அண்ணன் சொன்ன பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போகும். ஒவ்வொரு தடவையும். தப்பித் தவறி ஒரு தடவைகூடச் சரியாகப் போனதில்லை. வாளி நசுங்கும். அண்ணன் ஒரே தாவலில் கடையின் பின்புறத் திண்டின் மேல் ஏறி நிற்பார். நான் பின்சீட்டில் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொள்வேன். "உங்க தங்கச்சியை முதல்ல இறக்கி விடுங்க" என்பார் அண்ணி. வீடு திரும்பும்வரை மூன்று பேரும் பேசிக்கொள்ள மாட்டோம். கடைசியில் வீட்டில் வாளியே இல்லாமல் போனது. பயிற்சியும் நின்றது.

இப்படியே ஓட்டியிருப்போம். என் கால்தான் கெடுத்தது.

ஒரு நாள் கடைவளாகத்துக் கடைக்கோடியிலிருந்து மழையில் நடந்து வரும்போது வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். வாசலுக்குப் பக்கத்தில் அன்றைக்கு வரிசையாக இடம் காலியாக இருந்தது. விழுந்து கிடந்தபடியே அதைக் கையால் காட்டிக் காட்டித் திட்டினேன். பாவம், என்னைவிட அண்ணிதான் அதிகம் அழுதார்.

ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தேன். என் தலை குருவிக்கூடாகிவிட்டது. அண்ணனோடு பார்க்க வந்த அண்ணி அதைப் பார்த்துப் பொறுக்காமல், அடுத்த முறை வரும்போது கத்தரி, சீப்பு, தலை அலசும் தொட்டி, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். என் தலையை அலசி, வெட்டி, வாரிவிட்டார். வார்டு முழுக்க வேடிக்கை பார்த்தது. என் அடுத்த படுக்கையில் ஒரு பெரியம்மா இருந்தார். வந்த நாளிலிருந்து சுவர்ப்பக்கமே திரும்பிப் படுத்திருந்தவர். யார் கூப்பிட்டாலும் ம் என்பதோடு சரி. அவர் முதல்முறையாக இந்தப் பக்கம் திரும்பி, "எனக்கும் செஞ்சு விடுவியாம்மா?" என்று கேட்டார். அண்ணி செய்தார். கைக்கண்ணாடியைக் கொடுத்ததும் பெரியம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. வாசலைப் பார்த்துத்தான் படுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

தலைமை நர்ஸ் இதையெல்லாம் கவனித்திருக்கிறார். அண்ணியைக் கூப்பிட்டு, வாரம் இரண்டு நாள் காலையில் வந்து வார்டில் இருப்பவர்களுக்கு முடி வெட்ட முடியுமா என்று கேட்டார். அன்று அண்ணியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சலூனைத் திறந்த நாளில்கூட அப்படி ஒரு சந்தோஷம் இல்லை.

"அடுத்த வாரம் ஒரு நாள் வந்து செஞ்சு காட்டுங்க. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள முடிச்சிடணும். லேட்டானா மேலிடத்துல இது சரிப்படாதுன்னு சொல்லிடுவாங்க" என்றார் நர்ஸ். "சாமானெல்லாம் தூக்கிட்டு வர்றீங்க, அதனால கீழ்த்தளத்துல ஸ்டாஃப் பார்க்கிங்லயே இடம் சொல்லி வெச்சிருக்கேன். லிஃப்ட் பக்கத்துலயே."

அந்தக் கீழ்த்தளத்தை நான் வீடு திரும்பிய அன்று பார்த்தேன். என்னை அந்த வழியாகத்தான் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். ஆளுயரத்துக்கு ஒரு பலகை வைத்திருந்தார்கள்: 'ரிவர்ஸில் மட்டுமே நிறுத்தவும்'. தீ, கீ என்று ஏதாவது நேர்ந்தால் எல்லா வண்டியும் ஒரே மூச்சில் வெளியேற வேண்டும் அல்லவா, அதற்காக. அண்ணிக்குக் கொடுத்த இடம் ஒரு தூணுக்கும் ஒரு பளபளக்கும் காருக்கும் நடுவில். கார் பெரிய டாக்டருடையது.

கூட வந்த அண்ணி பலகையை இரண்டு தடவை படித்தார்.

அண்ணன் கொண்டுபோய் விடலாம்தான். ஆனால் அவர் வேலைக்குப் போக விடிந்தும் விடியாததுமாகக் கிளம்ப வேண்டும். வெளியே பொதுப் பார்க்கிங்கில் நிறுத்தினால் தொட்டியையும் நாற்காலியையும் சுமந்துகொண்டு அரை ஊரைக் கடக்க வேண்டும். வாரம் இரண்டு தடவை வாடகைக் கார் வைத்தால் கிடைக்கும் கூலி அதற்கே சரியாகப் போகும். எப்படிச் சுற்றினாலும் அந்தப் பலகையின் முன்னால்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அடுப்படியில் அண்ணி தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருப்பது கேட்டது. "நர்ஸம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க, கடையில வேலை அதிகமாயிடுச்சு..."

எனக்கு வந்ததே கோபம். கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். "அந்தப் பெரியம்மா வாசலைப் பாத்துட்டுப் படுத்திருக்காங்களே, யாருக்காகன்னு நினைக்கிறீங்க? எனக்காகவா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றார் அண்ணி. கண் கலங்கியிருந்தது. "டாக்டர் காரை இடிச்சிட்டு நின்னா அப்புறம் அங்க தலை காட்ட முடியுமா? எனக்கு வராதுடி. விட்டுடு."

விடுகிற ஜென்மமா நான்? ஆனால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. மறுநாள் சலூனில் கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி ஒரு வாடிக்கையாளருக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சீப்பும் பாட்டில்களும் அடுக்கிய சக்கரத் தள்ளுவண்டி. வேலை முடிந்ததும் அதை எப்போதும் பின்னால், அலமாரிக்கும் தலை அலசும் இடத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் விட்டுவிடுவார். சந்தும் வண்டியும் ஏறக்குறைய ஒரே அகலம். அன்றும் கையில் கத்தரியோடு, வாடிக்கையாளரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி, முன்னால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, ஒரு கையால் வண்டியைப் பின்பக்கமாக நகர்த்தினார். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. எங்கேயும் உரசாமல் போய்ச் செருகிக்கொண்டது.

தினமும் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"அண்ணி! இப்ப என்ன பண்ணீங்க?"

"ஏன் கத்தற? என்ன பண்ணேன்?"

"வண்டியை ரிவர்ஸ்ல விட்டீங்க!"

அண்ணி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் வண்டியைப் பார்த்தார். கத்தரியைக் கீழே வைத்தார். வண்டியை வெளியே இழுத்து, இந்த முறை அண்ணன் சொல்வது போல உடம்பை முழுக்கத் திருப்பி, பின்னால் பார்த்துத் தள்ளினார். வண்டி அலமாரியில் போய் மோதியது. ஷாம்பூ பாட்டில்கள் மூலைக்கு ஒன்றாக உருண்டன. மறுபடி வெளியே இழுத்து, கண்ணாடியைப் பார்த்துத் தள்ளினார். சந்துக்குள் சமர்த்தாகப் போய் நின்றது.

"அட!" என்றார் அண்ணி. "கண்ணாடியில வலது வலதாத்தானே இருக்கு. திரும்பினாத்தான் எல்லாம் மாறிப்போகுது."

பாதி தலையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், "மீதியை எப்ப வெட்டுவீங்க?" என்று கேட்டார். அண்ணி சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது வாளிகளோடு திடலுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்ட அண்ணன் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. "கண்ணாடியில எல்லாமே தெரிஞ்சிடாது. ஒரு குழந்தை சக்கரத்துகிட்ட குனிஞ்சு உக்காந்திருந்தா? தெரியுமா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அண்ணி யோசித்தார். "கத்தரியை எடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை நாற்காலியைச் சுத்தி வந்து தலையைப் பாப்பேன்ல? அதையே இங்கயும் செஞ்சுடறேன். கியர் போடறப்போ ரெண்டு தோளுக்கு மேலயும் பாத்துக்கறேன். அதுக்கப்புறம் கண்ணாடி. நடுவுல சந்தேகம் வந்தா நிறுத்திடறேன்."

"நிறுத்திட்டு?"

"மறுபடி பாக்கறேன். வெட்டின முடியை ஒட்ட வெக்க முடியாதுங்க. பிரேக்கை எப்ப வேணா மிதிக்கலாம்."

காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஏறி உட்கார்ந்தார். இரண்டு தோளுக்கு மேலும் பார்த்தார். நிமிர்ந்து, முகத்தை நேராக வைத்து, மூன்று கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நத்தையாகப் பின்னால் வந்தார். முதல் தடவை வாளி உரசியது. அடுத்த தடவை உரசவில்லை. அதற்கடுத்த தடவை இரண்டு வாளிகளுக்கும் நட்டநடுவில் கார் நின்றது. அண்ணன் வழக்கம்போலத் திண்டின் மேல் ஏறி நின்றிருந்தார். இறங்க மறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி நாள் வந்தது. ஊன்றுகோலோடு நானும் தொற்றிக்கொண்டேன். கீழ்த்தளத்தில் நுழைந்தோம். திடலில் வாளிதான் இருந்தது. இங்கே தூண், தாழ்ந்த கூரை, மங்கல் வெளிச்சம், இரண்டு பக்கமும் நெருக்கிய கார்கள். பெரிய டாக்டரின் கார் ஏற்கெனவே நின்றிருந்தது. ஆக, மனிதர் வந்துவிட்டார். ரவுண்ட்ஸ் எந்த நேரமும் தொடங்கலாம்.

அண்ணி இறங்கி, இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குள் எங்களுக்குப் பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. எங்கிருந்தோ காவலாளி விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்து, எங்கள் காருக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். "வா, வா, வா, வா! அந்தப் பக்கம் ஒடி! இந்தப் பக்கம் ஒடி!" விசில் வேறு காதைக் கிழித்தது.

அண்ணியின் கழுத்து தானாகப் பின்னால் திரும்பத் தொடங்கியது. கை ஸ்டீயரிங்கில் தடுமாறியது. கார் தூணைப் பார்த்து நகர்ந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கார் நின்றது. கண்ணைத் திறந்தேன். அண்ணி பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஜன்னலை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் ஓரமா வந்து நில்லுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப கண்ணாடியில தெரியறீங்க. விசில் வேண்டாம். ஆடாம அப்படியே இருங்க."

சலூன் நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் பேசும் அதே குரல். அதற்கு யாரும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. காவலாளியும் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றார். பின்னால் ஹாரன் இன்னொரு தடவை கத்தியது.

"அண்ணி, அவன் அவசரப்படறான்."

"பட்டுக்கட்டும். யார் அவசரப்பட்டாலும் நான் காதை வெட்ட மாட்டேன்."

முன்னால் எடுத்தார். இரண்டு தோளுக்கு மேலும் பார்த்தார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டார். கண்கள் மட்டும் ஒரு கண்ணாடியிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வந்தன. கார் பின்னால் நகர்ந்தது. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. தூண் என் ஜன்னலைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் பெரிய டாக்டரின் பளபளப்பு தாண்டிப் போனது. கார் நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அண்ணி ஒரு பெருமூச்சு விட்டார். நான் கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு தெரிந்தது, அளந்து வகிடு எடுத்ததுபோல.

"ரொம்ப நாளா ஓட்டறீங்களோ?" என்றார் காவலாளி.

"முன்னால ரொம்ப நாளா ஓட்டறேன்" என்றார் அண்ணி.

ரவுண்ட்ஸ் வருவதற்குள் பாதி வார்டு முடிந்திருந்தது. பெரிய டாக்டர் படுக்கை படுக்கையாகப் பார்த்துக்கொண்டே வந்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அடுத்த படுக்கைப் பெரியம்மாவிடம், "என்னம்மா, எங்கேயோ கிளம்பிட்டீங்க போல இருக்கே?" என்று கேட்டார். "வீட்டுக்குத்தான். எப்ப அனுப்பறீங்க?" என்றார் பெரியம்மா. தலைமை நர்ஸ் அண்ணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கார் ஏற்கெனவே தெருவைப் பார்த்து, நேராக நின்றிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளப் போன கையை எடுத்துக்கொண்டார். உள்ளேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு நாள் தவறாமல் செய்த வேலை அது. அதை இன்றைக்குப் பிடுங்கிவிட்டோமே என்று இருந்தது.

அண்ணன் உள்ளே வந்தபோது அண்ணி வாசலிலேயே காத்திருந்தார். "பாத்தீங்களா? எப்படி விட்டிருக்கேன்?"

"நட்டநடுவுல விட்டிருக்க" என்றார் அண்ணன். பாராட்டெல்லாம் அவருக்கு அவ்வளவு சுலபத்தில் வராது. கையிலிருந்த ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"என்னங்க இது துணி?"

"திருப்பி விட ஒண்ணும் இல்ல. கண்ணாடி மூணையும் தொடச்சு வெச்சேன். காலையில உனக்கு நல்லா தெரியணுமில்ல?"

அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடி வழியாக இல்லாமல் அண்ணி ஒருவரை அப்படி நேருக்கு நேர் பார்த்து நான் அன்றுதான் கண்டேன்.